ஐஸ் மேக்கர் ரிப்பேர்னு 5,200 ரூபா ஏமாந்துட்டேன், கடலூர் மக்கள் கவனமா இருங்க

திருப்பாப்புலியூர்ல இருக்கோம். வீட்ல இருக்குறது தண்ணி லைன் குடுத்து தானா ஐஸ் போடுற ஃபிரிட்ஜ், வாங்கி 3 வருஷம் ஆகுது. கத்திரி வெயில் ஆரம்பிச்சதுலேந்து ஐஸ் கட்டி சின்னதாயிட்டே வந்துச்சு, முதல்ல பாதி அளவு, அப்புறம் நடுவுல ஓட்டையா சிப்பி மாதிரி, ஒரு நாள் சுத்தமா நின்னுடுச்சு.

நான் பண்ண தப்பு, வாரண்டி கார்ட தேடாம நெட்ல கம்பெனி பேரப் போட்டு முதல்ல வந்த நம்பருக்கு போன் பண்ணது. "கம்பெனிலேந்துதான் மேடம்"னான். அரை மணி நேரத்துல கம்பெனி பேர் போட்ட டீசர்ட்டோட ஒரு பையன் வந்தான். ஐஸ் மேக்கர திறந்து கூட பாக்கல, ஃபிரிட்ஜ இழுத்துப் போட்டு "போர்டு போயிடுச்சு, கேஸும் லீக்கு"ன்னான். ஃப்ரீசர்ல ஐஸ்க்ரீம் கல்லு மாதிரி இருக்கேப்பான்னு கேட்டேன், அது பழைய கூலிங், ரெண்டு நாள்ல போயிடும்னு சொன்னான். குடிக்க தண்ணி கேட்டான், மாமியாருக்கு மாத்திர குடுக்குற நேரம் வேற, நான் உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள 20 நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுதுன்னு நிக்கிறான். போர்டுக்கு 3,800, கேஸுக்கு 1,400. போன்லயே அனுப்பிட்டேன். பில்லு வாட்ஸப்ல வரும்னான், வரவே இல்ல.

ரெண்டு நாள் ஆகியும் ஒரு கட்டி ஐஸ் விழல. நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

அப்புறம் லாஸ்பேட்டைலேந்து எங்க சித்தி பையன் வந்தான், ஏசி ஃபிரிட்ஜ் வேலைதான் பாக்குறான். பின்னாடி மூடிய கழட்டி "அக்கா இங்க வா, பாரு"ன்னான். போர்டுல தூசி ஒரு விரக்கட கனத்துக்கு, ஓரத்துல பல்லி முட்ட ஓடு ஒட்டிக்கிட்டு அப்படியே இருக்கு. புது போர்டுல எப்டி பல்லி முட்ட வரும்? கேஸ் விஷயமும் பொய்தான், எங்க ஃபிரிட்ஜ்ல ஆர்600ஏ, தீப்பிடிக்கிற கேஸ், அத ஏத்தணும்னா வேக்குவம் பம்பு, கேஸ எடை போட்டு ஏத்த தராசு எல்லாம் வேணும்னு சொன்னான். வந்தவன் கொண்டு வந்ததே ஒரு ஸ்க்ரூ டிரைவர் பைதான்.

உண்மையான கோளாறு என்னன்னா, தண்ணி பைப்பு உள்ள நுழையிற வால்வுல நகம் அளவுக்கு ஒரு சல்லட இருக்கு, அதுல எங்க போர் தண்ணி உப்பு வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு அடச்சிருந்துச்சு. வால்வு சில செகண்டுதான் திறக்கும், அதுக்குள்ள ட்ரேல தண்ணி நிறையணும், நிறையலன்னா ஐஸ் சின்னதா ஓட்டையாத்தான் விழும். பிளக்க பிடுங்கி, பைப்ப மூடிட்டு, அந்த சல்லடைய கழட்டி எலுமிச்ச சாறுல அரை மணி நேரம் ஊற வச்சு பழைய டூத் பிரஷ்ல தேச்சான். மறுநாள் காலைல முழுசு முழுசா ஐஸ். முதல்ல விழுந்தத கொட்டிட்டோம். செலவு ரெண்டு எலுமிச்சம்பழம்.

அதனால ஐஸ் நின்னா முதல்ல ஐஸ் மேக்கர்ல ஐஸ் போடுறத நிறுத்துற ஆஃப் கம்பி மேல தூக்கி இருக்கா, தண்ணி ஃபில்டர் மாத்தி 6 மாசம் தாண்டிருச்சா, பைப்ப கழட்டி பக்கெட்ல விட்டா தண்ணி வேகமா வருதான்னு பாருங்க. சர்வீஸ் நம்பர வாரண்டி கார்டுலேந்து மட்டும் எடுங்க, பார்ட்டு மாத்துனேன்னா பழச கையில குடுன்னு கேளுங்க, பக்கத்துலயே நில்லுங்க. பணம் போயிருந்தா உடனே சைபர் க்ரைம் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க, நான் மூணு நாள் கழிச்சுத்தான் பண்ணேன், 1915 நுகர்வோர் நம்பர்லயும் புகார் குடுத்திருக்கேன். இன்னும் ஒரு ரூபா திரும்பி வரல.