ஐந்து குளிர்காலம், மூன்று ஜோடி பிளேடு

கனடாவில் ஒன்டாரியோவின் சிம்கோ ஏரியில் ஐஸைத் துளைத்து மஞ்சள் பெர்ச்சுக்கும் வைட்ஃபிஷுக்கும் தூண்டில் போட ஆரம்பித்து இது ஐந்தாவது குளிர்காலம். என்னிடம் இருப்பது 6 அங்குலக் கை ஆகர், அதாவது ஐஸில் துளை போடும் திருகுக் கருவி. மோட்டார் கிடையாது, கையால்தான் சுற்ற வேண்டும். தண்டும் கைப்பிடியும் வாங்கிய நாள் போலவே இருக்கின்றன. பிளேடு மட்டும் மூன்றாவது ஜோடி. முதல் இரண்டையும் கெடுத்தது ஐஸ் இல்லை, நான்தான்.

முதல் ஜோடி மணலில் போனது. ஏரிக்குள் இறங்கும் இடத்தில், வழுக்காமலிருக்கச் சாலையில் தூவும் மணல் பூட்ஸோடு வந்து ஐஸ் மேல் கிடக்கும். ஐஸின் கனம் பார்க்கலாமே என்று அங்கேயே ஒரு துளை போட்டேன். தட்டை பிளேடின் விளிம்பு சவரக்கத்தி மாதிரி. ஒரு பிடி மணல் போதும், கதை முடிந்தது. இப்போதெல்லாம் கரையோரத்தில் இரும்பு உளிக்கம்பியால் குத்தித்தான் கனம் பார்க்கிறேன். (நடப்பதற்கே குறைந்தது 4 அங்குலம் தெளிந்த ஐஸ் வேண்டும்.)

இரண்டாவது ஜோடியை வீட்டில் வைத்தே பாழாக்கினேன். அரத்தை எடுத்துச் சமையலறைக் கத்தி போலத் தீட்டினேன். விரலில் பட்டால் வெட்டும், ஐஸில் வைத்தால் வழுக்கும்! விளிம்புக்குப் பின்னால் பிளேடின் அடிப்பக்கம் சற்றே மேலேறிச் சரிந்திருக்க வேண்டும். அந்தச் சரிவை நான் மாற்றிவிட்டதால் விளிம்புக்கு முன்பே முதுகு ஐஸில் உட்கார்ந்துவிட்டது. போதாததற்கு இரண்டு பிளேடும் ஒரே அளவாகவும் இல்லை.

கூர் இருக்கும்போது ஐஸ் தேங்காய்த் துருவல் போலச் செதில் செதிலாக வரும். மழுங்கினால் மாவுதான் வரும், உடம்பைச் சாய்த்து அழுத்தவும் வேண்டிவரும். ஆனால் அவசரப்பட்டு பிளேடைக் குறை சொல்லவும் கூடாது. கடுங்குளிர்க் காற்றில் ஈர பிளேடின் மேல் மெல்லிய ஐஸ் படலம் படிந்தால் புத்தம்புது பிளேடும் வழுக்கும். அதை உதிர்க்க ஆகரைத் தரையில் 'டங்' என்று தட்டுகிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்குப் பல் கூசும். போட்ட துளையின் தண்ணீரில் கொஞ்சநேரம் முக்கிவைத்தால் படலம் இளகிவிடும்.

பாதி உறைந்த பழைய துளையிலும் தட்டை பிளேடை விடுவதில்லை. ஒரு பக்கம் மாட்டித் துள்ளும், மணிக்கட்டு போய்விடும். பக்கத்தில் புதிதாக ஒன்று போடுவது சுலபம்.

மூன்றாவது ஜோடி மூன்று குளிர்காலம் தாங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பிளேடின் உறையைக் கழற்றித் துடைத்துக் காயவைப்பேன். ஒருமுறை உறையோடு காரிலேயே விட்டதில் காலையில் செம்மஞ்சள் துரு. காய்ந்தபின் கொஞ்சம் சமையல் எண்ணெய். இயந்திர எண்ணெய் பூசிவிட்டு, அந்தப் பெட்ரோல் வாடையோடு தூண்டில் போட மனசு வரவில்லை. கோடைக்கு எடுத்துவைக்கும்போது மட்டும் மினரல் ஆயில், ஏனென்றால் சமையல் எண்ணெய் மாதக்கணக்கில் நின்றால் பிசினாகிவிடும். அப்புறம் திருகாணிகளை ஒருதரம் இறுக்கிப் பார்ப்பேன்.

போன வாரம் லேசாக மாவு தள்ள ஆரம்பித்தது. சாணைக்கு அனுப்பப்போவதில்லை. புது ஜோடி தூண்டில் பெட்டியில் இருக்கிறது; இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவேன்.