லாம்டா மீட்டருடன் மூன்று ஆண்டுகள்

கோவையிலிருந்து மாதம் ஒருமுறையாவது ஊட்டிக்கு ஏறி இறங்கும் என் பழைய கார்புரேட்டர் காரில், எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைப் புகையை வைத்துச் சொல்லும் லாம்டா மீட்டரைப் பொருத்தி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. புகைக்குழாயில் இருக்கும் சென்சார் பாஷ் எல்எஸ்யு 4.9. வாங்கிய புதிதில் திரையில் 13.2 என்று வந்தால், எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 13.2 பங்குதான் என்று நம்பினேன். இப்போது அவ்வளவு நம்புவதில்லை. ஆனால் மீட்டரைக் கழற்றவும் மனமில்லை.

நான் நன்றாக ஏமாந்தது ஐட்லிங்கில். 16-க்கு மேல் காட்டியதும் பெட்ரோல் போதவில்லை என்று மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, மறுபடி கால் சுற்று என்று திறந்துகொண்டே போனேன். எண் இறங்கவே இல்லை. பிளக்கைக் கழற்றினால் விறகடுப்பில் வைத்த சட்டியின் அடியைப் போல ஒரே கரி! மெக்கானிக் அண்ணன் புகை வெளியேறும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் ஓரத்தில் கசிவால் படிந்திருந்த கரிக்கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். “மீட்டரையே பார்க்கிறீர்களே தம்பி, இதைப் பார்க்கவில்லையா?”

சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, புகையில் இருக்கும் ஆக்சிஜன்தான் தெரியும். ஐட்லிங்கில் புகை விட்டு விட்டு வருவதால், இடைவெளியில் கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே வந்துவிடுகிறது. பிளக் எரியாமல் தவறினாலும் இதே கதைதான்: எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியேறும், திரையில் எண் ஏறும். இதற்கு எந்தத் திருத்த அட்டவணையும் உதவாது.

மலையேற்றம் வேறு கணக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே கூடுதல். காற்று மெலிவதால் கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் மிகும். கோவையில் முழு ஆக்சிலரேட்டரில் 12.8 காட்டும் வண்டி ஊட்டியில் 11.7 காட்டுகிறது. ஆனால் அழுத்தம் குறைந்தால், மீட்டர் அளவிடும் சென்சாரின் மின்னோட்டமும் குறையும். பெட்ரோலும் காற்றும் மிச்சமின்றி எரியும் விகிதமான 14.7-க்கு அருகில் இந்தப் பிசகு தெரியாது, விலக விலகத்தான் வளரும். ஆகவே திரை 11.7 என்றால் உண்மை அதற்கும் சற்றுக் கீழே.

இது தெரியாமல் ஒருமுறை ஊட்டி விடுதி வாசலில், சென்சாரைக் கழற்றி வெளிக்காற்றில் பிடித்து அளவு திருத்தம் செய்தேன். மெலிந்த காற்றையே மீட்டர் முழு அளவு என்று எடுத்துக்கொண்டது. கீழே இறங்கியதும் பெட்ரோல் மிகுந்த இடத்தில் இன்னும் மிகுதியாகவும், குறைந்த இடத்தில் இன்னும் குறைவாகவும் காட்டியது. ஒரு வாரம் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றி மாற்றி அலைந்த பிறகுதான் காரணம் புரிந்தது. அளவு திருத்தத்தை இப்போது வீட்டு வாசலில் மட்டுமே செய்கிறேன்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்ததும் நண்பர்கள் பலர் மீட்டரில் 14.7-ஐ மாற்றி 13.5 என்று பதிந்தார்கள். அந்த எண் சரிதான், ஆனால் பழைய இலக்கான 13.0-ஐ மாற்றாமல் விட்டுவிட்டார்கள். திரையின் எண்ணை 14.7 போன்ற அந்த அடிப்படை எண்ணால் வகுத்தால் வருவதுதான் லாம்டா. பழைய அளவுகோலில் 13.0 என்பது லாம்டா 0.88. புதியதில் அதுவே 0.96. முழு இழுவையில் அந்த வித்தியாசம் பெரிது. நான் திரையையே லாம்டாவுக்கு மாற்றிவிட்டேன். எரிபொருள் எதுவானாலும் 1 என்றால் 1.

முதல் சென்சார் எட்டே மாதத்தில் செத்தது. தவறு என்னுடையது. எஞ்சினை எழுப்பும் முன்பே சாவியைத் திருப்பிச் சென்சாரைச் சூடாக்கும் பழக்கம் எனக்கு. குழாயில் தேங்கிய நீர்த்துளி சென்சாரின் சூடேறிய பீங்கானில் பட்டு விரிசல் விட்டது. இரண்டாவதைக் கிடைமட்டத்திலிருந்து 10 பாகைக்கு மேல் சாய்த்துப் பொருத்தி, எஞ்சின் ஓடத் தொடங்கிய பின்பே மின்சாரம் போகுமாறு ரிலே வைத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஓடுகிறது.

அழுத்தத் திருத்தம் உள்ள மீட்டர்களும் விற்கின்றன, விலைதான் கூடுதல். புகையழுத்தம் மிகுந்த இடமான டர்போவுக்கு முன்னால் சென்சார் வைப்பவர்களுக்கு அது அவசியம். என்னைப் போன்ற கார்புரேட்டர்காரர்கள் அந்தப் பணத்தில் முதலில் புது கேஸ்கெட் வாங்கலாம்.