நாலு படமா, ஒரே படமா? சின்னப் பிள்ளைகளைக் கதை எழுத வைக்க எது கைகொடுக்கும்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் படம் பார்த்துக் கதை எழுத வைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. நாலு படங்களை வரிசையாகக் கொடுப்பது, ஒரே ஒரு படத்தைக் கொடுப்பது, பிள்ளையையே வரையச் சொல்லி அதன் கீழே எழுத வைப்பது. ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் ஒற்றைப் படத்தை எடுப்பேன். ஆனால் அது எந்தப் படம் என்று பார்க்க வேண்டும்.

நாலு பட அட்டை வாத்தியாருக்கு வசதி. விதை, முளை, செடி, பூ என்று வரிசை கண்முன்னே கிடப்பதால், பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகூட நாலு வரி எழுதிவிடும். என்ன, வகுப்பில் எல்லா நோட்டிலும் அதே நாலு வரிதான் இருக்கும். காக்காவும் தண்ணீர்ப் பானையும் என்றால் கேட்கவே வேண்டாம், மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். இதற்கு ஒரு வழி உண்டு. நாலாவது அட்டையை ஒளித்து வையுங்கள். தோவாளைப் பூச்சந்தைக்குக் கூடையோடு கிளம்பும் பாட்டி, பஸ் நிறுத்தம், கொட்டும் மழை. இதோடு நிறுத்தினால் பூ நனைந்ததா, பாட்டி பஸ்ஸை விட்டாரா என்று வகுப்பே இரண்டு கட்சியாகிவிடும்.

ஒற்றைப் படத்தில் வேறொரு ஆபத்து. நம்மூரில் எல்லாரும் முதலில் எடுப்பது கன்னியாகுமரி வள்ளுவர் சிலைப் படம். அழகான படம்தான். ஆனால் அதில் எதுவும் நடக்கவில்லை. ‘இது சிலை. இது கடல். சிலை 133 அடி உயரம்’ என்று பிள்ளை எழுதும். கொஞ்சம் விவரமான பிள்ளை 133 அதிகாரம் என்பதையும் சேர்க்கும். கட்டுரையாக அது சரி, கதைக்கு ஆகாது.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வாய்க்கால் தண்ணீரைச் சுமந்து போகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் படத்தை எடுத்து, அதன் நடுவில் ஒரு ஆட்டுக்குட்டியை வரைந்து கொடுத்துப் பாருங்கள். பாலம் 115 அடி உயரம், கீழே பரளியாறு. படத்திலேயே ஒரு வில்லங்கம் வந்துவிட்டது அல்லவா? அப்போதும் முதலில் ‘இது பாலம், இது ஆடு’தான் வரும். விட்டுவிடாமல் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இதற்கு முன்னால் என்ன நடந்தது? இனி என்ன நடக்கும்? ‘படத்தில் என்ன தெரிகிறது?’ என்று மட்டும் கேட்டால் பெயர்ப் பட்டியல்தான் கிடைக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதியது இது: “ஆடு பாலத்துல நிக்கு. அதுக்க அம்மை கீழ நிக்கு. அம்மை விளிச்சு. ஆடு கேக்கல்ல.” 115 அடி உயரத்தை இதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்! இதில் பேச்சு வழக்கைத் திருத்தச் சிவப்பு மையை எடுக்காதீர்கள். அதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளையே வரைவதில் கதைக்குப் பஞ்சமில்லை. குளச்சல் பக்கத்துப் பிள்ளை வள்ளத்தை வரைந்துவிட்டு, அதில் யார் யார் ஏறினார்கள், வலையில் என்ன மாட்டியது என்று மூச்சுவிடாமல் சொல்லும். ஆனால் கடலுக்கு நீலம் தீட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இன்னும் எழுத்துக் கூடாத பிள்ளைக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். பிள்ளை சொல்லச் சொல்ல, சொன்னபடியே நாம் படத்தின் கீழே எழுதிக் கொடுத்து, அதையே வாசிக்க வைக்க வேண்டும்.

தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். ஒற்றைப் படத்தை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதே ஆட்டுக்குட்டியைப் பற்றி அரும்பு வாயால் சொல்லட்டும், மொட்டு இரண்டு வரி எழுதட்டும், மலர் ஆட்டை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். மூன்று விதமாகப் படம் தேடி ஜெராக்ஸ் கடையில் நிற்க வேண்டியதில்லை.