விரைவு இதழா, மதிப்பாய்வு இதழா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்களையோ மாங்கூழ் ஆலைக் கழிவையோ ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஒருவர், கட்டுரையை எங்கே வெளியிடுவது என்று யோசிக்கும்போது இரண்டு வழிகள் எதிர்ப்படுகின்றன.

முதலாவது, பணம் செலுத்திய சில நாட்களிலேயே ஏற்புக் கடிதம் அனுப்பும் இதழ். ஐஎஸ்எஸ்என் எண்ணைத் தரச்சான்று போல அது காட்டும். உண்மையில் அந்த எண் ஒரு தொடர்வெளியீட்டை அடையாளம் காண உதவுவது மட்டுமே.

இரண்டாவது, துறை வல்லுநர்களின் மதிப்பாய்வுக்குப் பிறகே ஏற்கும் இதழ். மாதங்கள் பல ஆகும், திருத்தம் கேட்பார்கள், மறுக்கவும் செய்வார்கள். ஆனால் ஒரு நடுகல் கல்வெட்டின் ஆட்சியாண்டைத் தவறாகப் படித்திருந்தால், அச்சேறும் முன்பே அதைச் சுட்டிக்காட்டக்கூடிய வல்லுநர் இந்த வழியில்தான் இருக்கிறார். வெளியான பின் பெரும்பிழை தெரியவந்தால், திருத்தத்தையோ கட்டுரை திரும்பப் பெறப்பட்டதையோ நல்ல இதழ் வெளிப்படையாக அறிவிக்கும். கட்டணம் வாங்குவதையே குற்றமாகக் கருத வேண்டியதில்லை, ஏனெனில் எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நேர்மையான இதழ்கள் பலவும் எழுதியவரிடம் கட்டணம் பெறுகின்றன. மதிப்பாய்வு மெய்யாக நடக்கிறதா என்பதே வேறுபாடு.

முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற நிபந்தனையைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் கைவிட்டன. ஏற்கத்தக்க இதழ்களைக் காட்டிவந்த அதன் கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டதால், இதழைத் தேர்ந்தெடுக்கும் சுமை ஆய்வாளரிடமும் நெறியாளரிடமும் வந்து சேர்ந்துவிட்டது. பல்கலைக்கழகம் தனியே நிபந்தனை வைத்திருந்தாலும், இரண்டாவது வழிக்கான மாதங்களை ஆய்வின் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை.