எட்ஜ் தன்மதிப்பீட்டுக் கருவி: கல்லூரிகள் எடுத்துப் பார்க்க வேண்டிய அட்டவணை

ஒரு கல்லூரிக்கும் அதைச் சுற்றி வாழும் மக்களுக்கும் உள்ள உறவை நாம் பெரும்பாலும் எண்ணிக்கையால்தான் அளந்து வருகிறோம். கடந்த 5 ஆண்டுகளில் நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை போன்றவற்றின் வழியாக எத்தனை விரிவாக்க நிகழ்ச்சிகள் நடந்தன என்று, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான அறிக்கை கேட்கிறது. நாமும் பேனருக்குப் பின்னால் வரிசையாக நிற்கும், எடுத்த இடம் பதிவான ஜியோ டேக் படங்களைக் கோப்பில் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். இந்தப் பழக்கத்தோடு, பொதுமக்களோடு தான் எவ்வளவு ஈடுபடுகிறது என்பதைப் பல்கலைக்கழகம் தானே மதிப்பிட்டுக்கொள்ள உதவும் பிரிட்டனின் எட்ஜ் கருவியைத் திறப்பவருக்கு, நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையை நிரப்ப அதில் ஒரு கட்டம்கூட இல்லை என்பதே முதலில் வியப்பாக இருக்கும்.

பிரிஸ்டல் நகரில் 2008-இல் தொடங்கப்பட்ட, பல்கலைக்கழகங்களின் பொதுமக்கள் ஈடுபாட்டுக்கான தேசிய ஒருங்கிணைப்பு மையம் இதை வடிவமைத்தது. நோக்கம், செயல்முறை, மக்கள் என்று மூன்று பகுதிகள். பகுதிக்கு மூன்றாக மொத்தம் ஒன்பது வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் கருநிலை முதல் வேரூன்றிய நிலை வரை நான்கு கட்டங்கள் உள்ளன. நம் நிறுவனம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பேசி முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எளிமையாகத் தோன்றும் இந்த வேலை, உட்கார்ந்தபின் அத்தனை எளிதாக முடிவதில்லை. தலைமை என்ற வரிசையில் துறைத்தலைவர் ஒருவர் தயக்கமின்றி மூன்றாம் கட்டத்தைக் காட்டினார். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் பேருந்து ஏற்பாடு செய்யவே பல மேசைகளுக்கு அலைந்த திட்ட அலுவலர் முதல் கட்டத்தைத் தாண்ட மறுத்தார். எது சரி என்பதைவிட, ஒரே வளாகத்தில் பணிபுரியும் இருவருக்கு இடையே இவ்வளவு தூரம் இருப்பது வெளியே வந்ததே பயன். அங்கீகாரம் என்ற வரிசை இன்னும் சங்கடமானது. ஊர் மக்களோடு செய்த பணி ஓர் ஆசிரியரின் பதவி உயர்வில் கணக்கில் வருகிறதா என்று அது நேரடியாகக் கேட்கிறது. சான்றிதழும் பொன்னாடையும் அதற்குப் பதிலாகா. மதிப்பீடு முடிந்ததும் தனியாகச் செயல்திட்டம் எழுத வேண்டிய தேவையும் குறைகிறது, ஏனெனில் அடுத்த கட்டத்தில் எழுதியிருப்பதே பெரும்பாலும் அடுத்து செய்ய வேண்டிய வேலையாக அமைந்துவிடுகிறது.

கருவியின் பெரிய குறை பொதுமக்கள் என்ற கடைசி வரிசையில் இருக்கிறது. மக்களின் தேவைகளைப் பல்கலைக்கழகம் ஆராய்ந்திருக்கிறதா, அவர்களின் கருத்தை முறையாகக் கேட்கிறதா என்ற கேள்விகள் அங்கே உள்ளன. ஆனால் பதில் சொல்வதும் பல்கலைக்கழகமே. தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்துவது போன்ற இந்த நிலை எட்ஜுக்கு மட்டும் உரியதன்று. பல்கலைக்கழகங்கள் தம் அறிவை வெளியுலகோடு பகிர்வதை அளக்க இங்கிலாந்தில் 2021-இல் முதன்முறையாக வெளியான அறிவுப் பரிமாற்ற மதிப்பீட்டிலும் பொதுமக்கள், சமூக ஈடுபாடு என்ற பிரிவுக்கு நிறுவனங்கள் தாமே மதிப்பெண் போட்டுக்கொண்டு, அதற்கு விளக்க அறிக்கையும் இணைத்தன.

இந்த ஓர் இடத்தில் நம்மிடம் இருப்பது மேல் என்று சொல்லலாம். 2014-இல் தொடங்கி, டெல்லி ஐஐடியின் ஒருங்கிணைப்பில் நடந்துவரும் உன்னத் பாரத் அபியான் என்ற, கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் திட்டத்தில், கல்லூரி தேர்ந்தெடுத்த கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். அந்தப் படிவம் குடிநீரையும் கழிப்பறையையும் பற்றி விரிவாகக் கேட்கிறது. கல்லூரி தன் பாடத்திட்டத்தையோ பணி நேரத்தையோ மாற்றிக்கொண்டதா என்று கேட்பதில்லை. அது ஊரை மட்டும் பார்க்கிறது, எட்ஜ் வளாகத்தை மட்டும் பார்க்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் கல்லூரிக்குத்தான் முழுப் படம் கிடைக்கும்.

கருவி இலவசம்; மையத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது. மொழி ஆங்கிலம் என்பதாலும், சில வாசகங்கள் பிரிட்டிஷ் நிர்வாக நடையில் இருப்பதாலும், பயன்படுத்தும் முன் தமிழில் எழுதிக்கொள்வது நல்லது. கல்லூரியின் தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசியின் ஒருங்கிணைப்பாளர் ஒருவரே தன் அறையில் அமர்ந்து ஒரு மாலையில் நிரப்பிவிட்டால் இதனால் ஒரு பலனும் இல்லை. பொதுமக்கள் வரிசையை மட்டும் ஊராட்சி மன்றத் தலைவரிடமும் சுயஉதவிக் குழுப் பெண்களிடமும் கொடுத்து, அவர்கள் சொல்லும் கட்டத்தையே இறுதியாக வைத்துக்கொள்ள நிர்வாகம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.