கல்லாகிப்போன பிரேக், 1,690 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) பில்: சுங்கை சிப்புட் பக்கத்து நண்பர்கள் கவனத்துக்கு

என் வண்டிக்குப் பிரேக் பார்த்த பட்டறையின் பெயரைக் கேட்டு யாரும் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வண்டி டீசல் பிக்கப், 11 வருடப் பழசு. வீட்டு உபயோகம்தான். அம்மாவை ஈப்போ மருத்துவமனைக்குக் கூட்டிப்போக, தைப்பூசம் வந்தால் தண்ணீர்ப் பந்தலுக்குச் சாமான் ஏற்ற. ஒருநாள் தோட்டத்து மண்சாலை இறக்கத்தில் கிளட்சை மிதித்தபடி வந்துகொண்டிருந்தேன். முதல் மிதிக்குப் பிரேக் பிடித்தது. இரண்டாவதுக்குப் பாதிதான். மூன்றாவது மிதியில் பெடல் கல்லாக நின்றுவிட்டது. கீழே பெரிய சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி போய்க்கொண்டிருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்மேட்டில் முட்டி நிறுத்தினேன். கால் நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது.

மச்சான் சொன்ன பட்டறைக்குக் கொண்டுபோனேன். நம்ம ஆள்தான், வாய்க்கு வாய் ‘அண்ணே’. பிரேக் பேடைக் கழற்றிக் காட்டி, “வழவழன்னு ஆயிடுச்சு அண்ணே, அதான் பிடிக்கல” என்றார். 260 வெள்ளி. இதில் அவரைக் குறை சொல்லமாட்டேன், பேடு கண்ணாடி மாதிரி ஆனாலும் பிடிப்பு குறையும். அடுத்த வாரம் அதே இறக்கம், அதே கல். “மாஸ்டர் பம்ப் போச்சு” என்று, மிதிக்கும் அழுத்தத்தை எண்ணெய் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் அந்தப் பம்பை மாற்றி 480. அதற்கும் சரியாகவில்லை. “அப்போ செர்வோதான் அண்ணே, புதுசு போட்டுடலாம்” என்று 950. செர்வோ என்றால் வேக்குவத்தின் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) உதவியால் நம் மிதிக்குப் பலம் கூட்டிக்கொடுக்கும் டப்பா.

ஒவ்வொரு முறையும் பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தால் பிரேக் அருமையாக இருக்கும். சமதரை, ஒரே ஒரு மிதி. அதை நம்பித்தான் ஏமாந்தேன்.

செர்வோ போட்ட மூன்றாவது வாரம் பானெட்டைத் திறந்தேன். மாஸ்டர் பம்ப் வந்து சேரும் இடத்தில் பிரேக் எண்ணெய் கசிந்து, செர்வோவின் கறுப்புப் பெயிண்டை உரித்திருந்தது. அந்த எண்ணெய் பட்டால் பெயிண்ட் நிற்காது. உரிந்த இடத்தில் பழைய துரு, அதன்மேல் மஞ்சள் மார்க்கரில் ஏதோ நம்பர். ஹாஃப்கட் கடைகளில், அதாவது பழைய வண்டிகளில் கழற்றிய சாமான் விற்கும் கடைகளில், சாமான்மேல் கிறுக்கி வைப்பார்களே, அதே மாதிரி. இதுதான் 950 வெள்ளிப் புதுசு! என் பழைய செர்வோ எங்கே என்று கேட்டேன். “இரும்புக் கடைக்குப் போச்சு அண்ணே.”

அப்புறம்தான் அப்பாவின் கூட்டாளியிடம் போனேன். தோட்டத்துப் பேக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கதையைக் கேட்டதும், “பெடல் மெத்துன்னு அமுங்கினா எண்ணெயில காத்து, இல்லாட்டி கசிவு. கல்லு மாதிரி நின்னா வேக்குவம் பக்கம் பாக்கணும். நீ ஏன்டா பம்ப மாத்த விட்ட?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஐந்தாறு முறை மிதிக்கச் சொன்னார். செர்வோவுக்குள் மிச்சமிருக்கும் வேக்குவம் தீர்ந்து பெடல் இறுகிவிடும். காலை எடுக்காமல் அப்படியே ஸ்டார்ட் செய்தால், பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். என்னுடையது மனமில்லாமல் இறங்குவது போல இறங்கியது. இந்தச் சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். மூன்று முறை போன பட்டறையில் ஒருமுறைகூட யாரும் செய்யவில்லை.

பெட்ரோல் வண்டியில் செர்வோவுக்கு வேண்டிய வேக்குவம் எஞ்சின் காற்று இழுக்கும் வழியிலிருந்தே கிடைத்துவிடும். டீசலில் அது போதாது, தனி வேக்குவம் பம்ப் வைத்திருப்பார்கள். சில பிக்கப்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே ஒட்டியிருக்கும். மாமா அந்த வேக்குவம் பம்பின் வாயில் நேராக, வேக்குவம் அளக்கும் கேஜை மாட்டினார். சில நொடிகளில் 25 அங்குலம், பம்ப் ஜோர். பம்பிலிருந்து செர்வோவுக்குப் போகும் ஹோஸைப் பொருத்தி, அதன் செர்வோ பக்கத்து நுனியில் கேஜை மாட்டினார். 12-ஐத் தாண்டவே திணறியது. கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடியில் ஹோஸ் நீளவாக்கில் வெடித்திருந்தது. செர்வோவுக்குள் ஏற்கெனவே சேர்ந்திருந்த வேக்குவத்தில்தான் முதல் மிதி பிடித்தது. அது தீர்ந்ததும் மறுபடி இழுத்துச் சேர்க்க வழியில்லை, அதிலும் கிளட்சை மிதித்து எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது.

வேக்குவம் ஹோஸ் 35 வெள்ளி. வேக்குவத்துக்கு என்றே செய்ததைத்தான் போட வேண்டுமாம். அவசரத்துக்குத் தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட்டால் இழுக்கும்போது சப்பையாக ஒட்டிக்கொள்ளும். கசிந்த மாஸ்டர் பம்பை மறுபடி மாற்றியது தனிச் செலவு. அதை அப்படியே விட்டால் எண்ணெய் செர்வோவுக்குள் இறங்கி ரப்பர் சவ்வைக் கெடுத்துவிடும்.

வயிற்றெரிச்சல் இனிமேல்தான். “பழைய செர்வோ இருந்தப்ப, காலையில சாவி போடுறதுக்கு முன்னாடி மிதிச்சா எப்படி இருக்கும்?” என்று மாமா கேட்டார். முதல் மிதி மெதுவாக இறங்கும், நன்றாக நினைவிருக்கிறது. அப்படியென்றால் ராத்திரி முழுக்க வேக்குவத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சவ்வு கிழிந்த செர்வோ அப்படிப் பிடிக்காது. நல்ல செர்வோவை இரும்புக்கடைக்கு அனுப்பிவிட்டு, எங்கோ கழற்றியதை என் தலையில் கட்டியிருக்கிறார் பட்டறைக்காரர்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு போட்டுவிட்டேன். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கேட்பார்கள், வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஆனால் சொந்த உபயோகத்து வண்டிக்குத்தான், வியாபாரத்துக்கு ஓடும் வண்டி என்றால் அங்கே எடுபடாது. பில் ரொம்ப முக்கியம். என்னுடைய முதல் இரண்டு பில்லிலும் ‘ரிப்பேர் பிரேக்’ என்பதைத் தவிர ஒன்றுமில்லை, என்ன சாமான் என்றே எழுதவில்லை. மூன்றாவதில் மட்டும் ‘செர்வோ நியூ’ என்று அவரே தன் கைப்பட எழுதியிருக்கிறார். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.