டிரம்ஸும் நாடகமும் கலந்த ராக் நிகழ்ச்சியா? இருக்கை எண் தெரியாமல் மறுவிற்பனை டிக்கெட் வாங்காதீர்கள்

விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தது: "தரைப்பகுதி, முன்வரிசைகள், சேர்ந்த இரண்டு இருக்கைகள்." பணம் கட்டிய பிறகு வந்தது இடது ஓரம், தொங்கும் ஒலிபெருக்கி அடுக்குக்கு அருகே, ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு நாற்காலிகள். மேடையின் இடப்பக்கம் கண்ணிலேயே படவில்லை. புகாருக்கு வந்த பதில்: "தரைப்பகுதி என்றோம், தரைப்பகுதியே கொடுத்தோம்." இதில் நிகழ்ச்சிக் குழுவுக்கோ அரங்கத்துக்கோ பங்கில்லை. செய்தது இடையில் நின்ற மறுவிற்பனையாளர்.

வழக்கமான ராக் கச்சேரி என்றால் பாட்டு காதில் விழுந்தாலே பாதிக் காசு தேறும். ப்ளூ மேன் குரூப், ஸ்டாம்ப் போன்ற குழுக்களின் நிகழ்ச்சி அப்படியில்லை. மேடையில் பேச்சே கிடையாது எனலாம். பிவிசி குழாய்களில் வாசிப்பது, டிரம் தோலில் ஊற்றிய பெயின்ட் ஒவ்வோர் அடிக்கும் எகிறுவது, துடைப்பமும் வாளியும் தாளமாவது எல்லாம் கண்ணால் பார்க்க வேண்டியவை. கையும் காலும் மேடைத் தரையும் தெரியாத இடத்தில் உட்கார்ந்தால் மிஞ்சுவது சத்தம் மட்டும்தான்.

விலை அதிகமான இருக்கை நல்ல இருக்கை என்ற நினைப்பை வைத்துத்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. சமதரையில் நாற்காலி போட்ட அரங்கில், முதல் சில வரிசைகளைத் தாண்டினால் முன்னால் இருப்பவர்களின் தலைதான் தெரியும். அவர்கள் எழுந்து நின்றால் அதுவும் முடிந்தது. படியாக ஏறும் முதல் அடுக்கு விலை குறைவாக இருந்தும் பல நேரம் அதைவிட நல்லது. மாடிக்கு அடியில் வரும் கடைசி வரிசைகளையும் தவிருங்கள். மேடையின் மேல்பாகத்தை மாடி மறைக்கும், உயரத்தில் தொங்கி வாசிப்பவர்கள் தெரியமாட்டார்கள், ஒலியும் மந்தமாகும்.

ரொம்பத் தள்ளிப் போனால் வேறு தொல்லை. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் ஓடும். 85 மீட்டர் தொலைவில் கால் வினாடி தாமதம். நிமிடத்துக்கு 120 தட்டு போகும் தாளத்தில் அது அரைத் தட்டு. அதாவது குச்சி மேலே ஏறும்போது அடி கேட்கும். பின்னால் நிறுத்தும் துணை ஒலிபெருக்கிகள் இதைச் சரிசெய்யாது. எதிரொலி வராமலிருக்க அவற்றையும் வேண்டுமென்றே தாமதப்படுத்தித்தான் வைப்பார்கள்.

இனி தந்திரம். "வரிசை 1 முதல் 10 வரை" என்று மட்டும் போட்டு இருக்கை எண்ணை மறைத்தால், விற்பவர் கையில் பல நேரம் டிக்கெட்டே இருக்காது. உங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு, பிறகு விலை இறங்கும்போது அந்தப் பகுதியில் மலிவாகக் கிடைப்பதை வாங்கித் தள்ளுவார். கிடைக்காவிட்டால் கடைசி நாளில் கைவிரிப்பார். அரங்கம் "பார்வை மறைவு" என்று சொல்லி விலை குறைத்து விற்ற இருக்கை, மறுவிற்பனையில் அந்தக் குறிப்பு இல்லாமல் வரும். "ஏ வரிசை" என்பதும் எப்போதும் முதல் வரிசை ஆகாது. அதற்கு முன்னால் "ஏஏ", "பிபி" என்று கூடுதல் வரிசைகள் போடுவது உண்டு. பெயின்ட் தெறிக்கும் முன்வரிசைகளை "மழையங்கியுடன் விஐபி" என்று ஏற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மழையங்கியை அங்கே உட்காருபவர்களுக்கு அரங்கிலேயே கொடுப்பார்கள்!

திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) வரும் பார்கோடை ஏற்கவே வேண்டாம். ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்கலாம், முதலில் ஸ்கேன் ஆனவர் உள்ளே போவார். சில வினாடிக்கு ஒருமுறை மாறும் பார்கோடு என்றால் படம் வாசலிலேயே செல்லாது. அதிகாரபூர்வ செயலியில் டிக்கெட் உங்கள் கணக்குக்கு மாறினால்தான் அது உங்களுடையது.

பகுதி, வரிசை, இருக்கை எண் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அரங்கத்தின் பொது வரைபடத்தைப் பார்க்காமல், அந்த நிகழ்ச்சிக்கான வரைபடத்தில் ஒலிக்கலவை மேசை (ஒலியைக் கட்டுப்படுத்துபவரின் இடம்) எங்கே என்று பாருங்கள். அதற்கு நேர் பின்னால் வேண்டாம். ஒலிபெருக்கி அடுக்குப் பக்கமே கிடைத்தால் காதடைப்பான் கட்டாயம். 100 டெசிபலுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு அமைப்பான நியோஷ் சொல்லும் ஒரு நாள் வரம்பு 15 நிமிடம்தான்.

விற்பனைப் பக்கத்தைப் படமெடுத்து வைத்து, கார்டில் பணம் கட்டுங்கள். விவரித்தபடி இல்லாவிட்டால் வங்கியில் முறையிட அந்தப் படமே ஆதாரம். இருக்கை மோசம் என்றால் நிகழ்ச்சி தொடங்கும் முன்பே அரங்க மேலாளரிடம் சொல்லுங்கள், காலி இடம் இருந்தால் மாற்றித் தரக்கூடும். முழுதும் பார்த்துவிட்டுக் கேட்டால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

டிக்கெட் தீர்ந்தது என்றதும் மறுவிற்பனைக்கு ஓடவும் வேண்டாம். மேடை அமைப்புக்காக நிறுத்திவைத்த இருக்கைகளை, அமைப்பு உறுதியானதும் கடைசி நாட்களில் அரங்கக் கவுன்டரில் அச்சிட்ட விலைக்கே விடுவது வழக்கம். சில நேரம் அவை நடுப்பகுதி இருக்கைகளாகவும் இருக்கும்.